எல்லாரும் தணிகாசலம்

தம்பி கண்ணாயிரத்தை மொட்டைமாடியிலிருந்து தள்ளிக் கொன்றதாகத் தணிகாசலத்துக்கு ஆயுள் தண்டனை. சாட்சி சொன்னது அவருடைய சொந்த வீடு. அந்த நேரத்தில் மாடியில் இருந்தது யார் என்று கேட்டதற்கு, "தணிகாசலம்" என்று பளிச்சென்று சொல்லிவிட்டது. வீடு பொய் சொல்லாது என்பது சட்டம்.

மூன்று வருடம் கழித்து மேல்முறையீட்டில், நீதிபதி, கண்ணாயிரத்தின் மனைவி புஷ்பவல்லியை வீட்டுக்குக் காட்டினார். "இவர் யார்?"

"தணிகாசலம்."

செத்துப்போன கண்ணாயிரத்தின் படத்தைக் காட்டினார்.

"தணிகாசலம்."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். தணிகாசலம் தலையைச் சொறிந்தார்.

"வீட்டுக்கு இந்த ஆள் அடையாளம் சொல்ற கருவியை மாட்டினப்போ ஒவ்வொருத்தரா நின்னு, நடந்து, பேசிப் பதியணும்னாங்கய்யா. அன்னிக்கு கிரிக்கெட் மேட்ச். எல்லாரையும் என் பேர்லயே போட்டுடுங்கன்னுட்டேன். அப்புறம் சுத்தமா மறந்துபோச்சு."

"மாடியில் மொத்தம் எத்தனை பேர்?" என்று நீதிபதி வீட்டைக் கேட்டார்.

"ஒருவர். கைப்பிடிச் சுவரில் ஏறி மாங்காய் பறித்தார். விழுந்தார்."

"இதை ஏன் முன்பே சொல்லவில்லை?"

"யாரும் கேட்கவில்லை."

அன்று மாலையே விடுதலை. வாசலில் கதவு, "வாங்க தணிகாசலம்" என்றது. பின்னாலேயே வந்த புஷ்பவல்லியையும் "வாங்க தணிகாசலம்" என்றது. அவள் சிரிக்கப் போய் அழுதுவிட்டாள்.

"மன்னிச்சிடுங்க மாமா. வீடே சொல்லுதேன்னு நம்பிட்டேன்."

"விடும்மா. ஜெயில்ல பாதி நாள் நானே நம்பிட்டேன்."