மூலை உடைந்த ஸ்லைடு

ஒரு மருத்துவக் கல்லூரி முழுவதையும் பதினாறு வருடம் நாக்கை இதயம் என்று நம்பவைத்தவன் நான். ஓய்வுபெற்றோர் விருந்தில் இதைச் சொன்னதும் மேசையே சிரித்தது.

"கதை விடாதீங்க சௌந்தரம். வருஷா வருஷம் நான்தானே பரீட்சை வெச்சேன்," என்றார், எங்கள் துறைத்தலைவராக இருந்த மெர்சி மேடம்.

நான் விடுவேனா? ஆய்வக உதவியாளனாகச் சேர்ந்த புதிதில் பரீட்சைக்கு மைக்ராஸ்கோப்பில் வைக்கும் இதயத்தசைக் கண்ணாடி ஸ்லைடைக் கீழே போட்டு நொறுக்கிவிட்டேன். வேலை போய்விடும் என்ற பயத்தில், ஒரு நாக்குத்தசை ஸ்லைடின் மூலையைப் பழையதில் இருந்தது போலவே லேசாக உடைத்து அந்த இடத்தில் வைத்தேன். மைக்ராஸ்கோப்பில் யார் ஒழுங்காகப் பார்த்தார்கள்? மூலை உடைந்திருந்தால் இதயம் என்று சீனியர்கள் சொல்லிக்கொடுத்ததை எழுதிவிட்டுப் போனார்கள். ஆயிரம் டாக்டர்கள், பத்து லட்சம் நோயாளிகள் என்று அளந்துகொண்டே போனேன்.

"ஒருத்தர்கூடவா கண்டுபிடிக்கல?" என்றார் பக்கத்திலிருந்த ஹமீது.

அதை மட்டும் சொல்லாமல் தாண்டிவிட நினைத்திருந்தேன். வைரமணி என்ற பெண் கண்டுபிடித்தாள். இதயத்தின் இழைகள் கிளைவிட்டு ஒன்றோடொன்று கைகோத்திருக்கும், இவை கோக்கவில்லை என்று பார்த்து, நாக்கு என்று எழுதினாள். ஒரு மதிப்பெண்ணில் தோற்றாள். ஆறு மாதம் கழித்து மறுபடி எழுத வந்தபோதும் அதே ஸ்லைடை நான்தான் எடுத்து வைத்தேன். வெகுநேரம் பார்த்தாள். பிறகு இதயம் என்று எழுதிவிட்டுப் போனாள்.

யாரும் சிரிக்கவில்லை. மேடம் கரண்டியைக் கீழே வைத்தார்.

"முதல் தடவை ரிசல்ட் வந்த அன்னைக்கு அந்தப் பொண்ணு என் ரூமுக்கு வந்து அழுதா. அவ போனதும் நானே அந்த ஸ்லைடை எடுத்து வெச்சுப் பாத்தேன்," என்றார். "நாக்குதான், சௌந்தரம்."