ஐந்தில் ஒன்று

நாற்காலியின் சக்கரங்களை அவன் இரண்டாவது முறையாக ஈரத்துணியால் துடைத்தான்.

வெளியே புதுக் கம்பளம் விரித்திருக்கிறது. அதன்மேல் ஒரு பொட்டு அழுக்கு ஒட்டிவிடக் கூடாது.

தங்கையைப் பெண் பார்க்க நாலு மணிக்கு வருகிறார்கள். இதற்கு முன் வந்த இரண்டு குடும்பமும் கூடத்தில் அவனைப் பார்த்தன. நாற்காலியைப் பார்த்தன. தேநீர் குடித்துவிட்டு, நல்ல வார்த்தையாக நாலு சொல்லிவிட்டுப் போயின. அப்புறம் போனை எடுக்கவே இல்லை.

இந்த முறை அறைக்குள்ளேயே இருந்துவிடுகிறேன் என்று அவன்தான் சொன்னான்.

அப்பா முதுகை நிமிர்த்திக்கொண்டார். "புள்ளைய ஒளிச்சு வைக்கிற வழக்கம் இந்த வீட்ல கிடையாது. நான் கூப்பிடுவேன், நீ வரணும். யாரும் தள்ளிட்டு வரக்கூடாது. நீயா வரணும்."

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. விபத்து நடந்து எட்டு வருடத்தில் அப்பா அவனிடம் இவ்வளவு நீளமாகப் பேசியதே இல்லை.

கட்டாயம் வருவேன் என்று தங்கையின் உள்ளங்கையில் அடித்துச் சத்தியமும் செய்து கொடுத்திருந்தான். அம்மா இல்லாத வீட்டில் அவள் பக்கத்தில் உட்கார அவனை விட்டால் யார்?

கம்பளத்தைத் தேர்ந்தெடுத்ததும் அவன்தான்.

கடையிலிருந்து மாதிரிப் புத்தகத்தை வாங்கிவந்து அப்பா அவன் மடியில் வைத்தார். பக்கத்துக்கு ஒரு கம்பளத் துண்டு ஒட்டியிருந்த, தலையணை கனமுள்ள புத்தகம். நடுநடுவே ஐந்து சீட்டுகள் செருகியிருந்தன. சட்டைப் பையை விட்டு அகலாத நீலப் பென்சிலால் அவற்றில் ஒன்று, இரண்டு என்று எண் போட்டிருந்தார்.

"இந்த அஞ்சுல ஒண்ணச் சொல்லு. நிறம் பாக்கற கண்ணு உனக்குத்தான் உண்டு."

மூன்று நாள் யோசித்தான். ஒவ்வொரு துண்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தான். வெளிர் மஞ்சள் சுவருக்கும் பழைய சோபாவுக்கும் மாதுளைச் சிவப்புதான் எடுப்பாக இருக்கும் என்று நாலாம் எண்ணைச் சொன்னான். சோபாவின் முன்கால்கள் மட்டும் கம்பளத்தில் இருந்தால் கூடம் பெரிதாகத் தெரியும் என்றான். வெயில் படும் பக்கம் முதலில் வெளுத்துவிடும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை திருப்பிப் போட வேண்டும் என்றான்.

எல்லாவற்றுக்கும் அப்பா சரி என்றார்.

இன்று மதியம்தான் கடைக்காரர்கள் வந்து விரித்தார்கள். கூடத்துக்கு அகலமாக ஒன்று. நடைக்கு அதே சிவப்பில் நீளமாக ஒன்று, கூடத்திலிருந்து வளைவு திரும்பி அவன் அறை வாசல்வரை. கூப்பிடும்வரை வெளியே வராதே, மிதிபடாமல் இருக்கட்டும் என்று அப்பா சொல்லியிருந்தார்.

வாசலில் இருந்தபடியே குனிந்து, ஓரத்துக் குஞ்சங்களைப் பழைய சீப்பால் வாரிவிட்டான். கம்பளத்தைத் தடவினான். விரல்கள் முழுசாகப் புதைந்தன. எவ்வளவு மெத்தென்று இருக்கிறது என்று சந்தோஷப்பட்டான்.

நாலு மணிக்குக் கூடத்தில் செருப்பில்லாத கால்கள் நடக்கும் ஓசை கேட்கவேயில்லை. பேச்சுதான் கேட்டது.

"அம்மாடி, மெத்தைல நடக்கற மாதிரி இருக்கே. யாரு செலக்‌ஷன்?" மாப்பிள்ளையின் அம்மா.

"என் மூத்த பையன்" என்றார் அப்பா. "வாப்பா. இங்க வா."

அவன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு சக்கரத்தைத் தள்ளினான்.

முன்னாலிருந்த சின்னச் சக்கரங்கள் குஞ்சத்தைத் தாண்டின. அதோடு புதைந்தன.

அழுத்தித் தள்ளினான். கம்பளம் மடிப்பு மடிப்பாக எழுந்து நாற்காலிக்கு முன்னால் கூடியது. பின்னுக்கு இழுத்து மறுபடி தள்ளினான். ஒரு சாண் நகர்ந்தது. நடையின் வளைவுக்கு இன்னும் ஆறடி இருந்தது. தேய்த்துப் போட்ட சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது.

"உன்னைத்தாம்ப்பா. எல்லாரும் காத்திருக்காங்க."

வாய் திறந்து கூப்பிட்டால் தங்கை ஓடி வருவாள். நாற்காலியைப் பிடித்துத் தள்ளுவாள். வளைவு தாண்டி அப்படித்தான் போய் நிற்க வேண்டியிருக்கும்.

நீயா வரணும்.

அவனும் அந்த வீட்டுப் பிள்ளைதான். பல்லைக் கடித்துக்கொண்டான்.

"ரெண்டு தடவை கூப்பிட்டாச்சு. கதவும் தெறந்துதான் கெடக்கு" என்றார் அப்பா. அந்தக் குரலில் ஒரு பிசிறு இல்லை. "இதுக்கு மேல நான் என்ன சொல்ல?"

"பெரியவருக்கு வெத்தல பாக்கு வச்சு அழைக்கணும் போல" என்றாள் அந்த அம்மாள். எல்லோரும் சிரித்தார்கள்.

அப்பாவின் சிரிப்பு மட்டும் கேட்கவில்லை. பொய்யும் சொல்லவில்லை. வாழ்நாளில் அவர் பொய் சொன்னதில்லை.

"அண்ணன் வரலையாப்பா?" தங்கையின் குரல்.

"நீ உக்காரும்மா."

கொஞ்ச நேரத்தில், எங்களுக்குப் பரிபூரண சம்மதம் என்று ஓர் ஆண்குரல் சொல்வது கேட்டது.

அவன் இரண்டு கையாலும் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்து இழுத்து அறைக்குள் கொண்டுவந்தான். கட்டிலில் மாதிரிப் புத்தகம் கிடந்தது. நாளைக்குக் கடையில் திருப்பிக் கொடுக்க வேண்டும். நாலாம் சீட்டில் பிரித்தான்.

இத்தனை நாளும் துண்டின் முன்பக்கத்தைத்தான் பார்த்திருந்தான். இப்போது அது ஒட்டியிருந்த தாளின் பின்பக்கத்தைத் திருப்பினான்.

எடை, இழையின் உயரம், துவைக்கும் முறை எல்லாம் பொடி எழுத்தில் அச்சாகியிருந்தன. கடைசி வரி: சக்கர நாற்காலி புழங்கும் வீடுகளுக்கு ஏற்றதல்ல.

அந்த வரிக்குப் பக்கத்தில் நீலப் பென்சிலில் ஒரு டிக்.

மற்ற நாலு சீட்டுகளையும் பிரித்துப் பார்த்தான். நாலிலும் அதே வரி. நாலிலும் டிக்.

சீட்டில்லாத பக்கங்களைத் திருப்பினான். அறுபதுக்கு மேல் இருந்தன. ஒன்றில்கூட அந்த வரி இல்லை.