நாலு தேசிக்காய்

பாலேந்திரா மோர்டன் வீட்டிலிருந்து தனியாக வேல்ஸ் மலைக்கு வெளிக்கிட்டபோது, மனைவி தவநாயகி மோட்டார்சைக்கிளின் முன்சில்லுக்குக் கீழே குங்குமம் பூசிய தேசிக்காய் ஒன்றை வைத்தாள். நசித்துக்கொண்டு புறப்பட்டான்.

மலையடிவாரத்தில் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து பார்த்தால், சில்லுக்குக் கீழே இன்னொரு தேசிக்காய். குங்குமம் ஈரமாக இருந்தது. நசிக்காமல் போனால் வழியில் விக்கினம் என்று அதையும் நசித்தான்.

மேலே ஒரு ரெலிபோன் பூத்தில் நிறுத்தி வீட்டுக்கு அடித்துத் தேசிக்காயைப் பற்றிக் கேட்டான்.

"நாலு வாங்கி ஒண்டைத்தான் வைச்சனான்," என்றாள் தவநாயகி. "மிச்சம் மூண்டையும் காணேல்லை. நீங்களோ எடுத்தனீங்கள்?"

வெளியே வந்தான். சில்லுக்குக் கீழே மூன்றாவது கிடந்தது. நசித்தான்.

இனி ஒன்றுதான் மிச்சம்; அதுவும் முடிந்தபின் நின்றால் நசிக்க ஒன்றும் இராது. எங்கும் நிற்காமல் வீடு போய்ச் சேர நினைத்தான். பெட்ரோல் முள் சிவப்பைத் தொட்டிருந்தது.