வெள்ளிக்கவசனுக்கு அஞ்சலி

தென்காசி பழைய பேருந்து நிலையத்தில் தன்னுடைய கண்ணீர் அஞ்சலியைத் தானே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார் மகாதேவன்.

ஆளுயரத்துக்கு மேல் ஃபிளெக்ஸ். மாலை வேறு. ‘வெள்ளிக்கவசன் மறைந்தார்.’ கீழே இருந்த பெயர் நேற்று சென்னையில் செத்துப்போன நடிகருடையது. முகம் மட்டும் இவருடையது.

தொலைக்காட்சியில் ‘வெள்ளிக்கவசன்’ சாகசத் தொடர் வந்தபோது, முதல் சில மாதம் கவசத்துக்குள் இருந்தவர் மகாதேவன்தான். முகமூடியைக் கழற்றும் காட்சி வருவதற்குள் கால் முறிந்தது. சென்னைக்காரர் அதே கவசத்துக்குள் நுழைந்தார், முகமூடியைக் கழற்றினார், பெரிய ஆளானார்.

மகாதேவன் குற்றாலத்தில் சீசனுக்குச் சீசன் துண்டும் ஜட்டியும் விற்கிறார். முகமூடிக்குள் இருந்தது நான்தான் என்றால், எங்க சித்தப்பாவும் இருந்தார் என்று ஊர் சிரித்தது.

ஃபிளெக்ஸ் கடை பலவேசம் மூச்சு வாங்க ஓடிவந்தான்.

“அண்ணாச்சி, தப்பு நடந்துபோச்சு. வெள்ளிக்கவசன்னு நெட்டுல தேடுனா, நீங்க எப்பமோ குடுத்த பேட்டிதான் முன்னால வந்து நிக்கி. அவசரத்துல படத்தை எடுத்து ஒட்டிட்டேன். இப்பமே எறக்கிருதேன்.”

“கெடக்கட்டும்லே. செத்தவரு சண்டைக்கா வரப்போறாரு? சாயங்காலம் வரைக்கும் கெடக்கட்டும்.”

புகார் சொல்லாத ஆளிடம் காரணம் கேட்கிற வியாபாரி உண்டா? பலவேசம் போய்விட்டான்.

மகாதேவன் கைபேசியை அணைத்துப் பைக்குள் போட்டார். எதிரே இருந்த டீக்கடையில் உட்கார்ந்தார்.

புளியங்குடியில் கட்டிக்கொடுத்த மகள் அனுசியா இவரிடம் பேசி வருஷக்கணக்காகிறது. அவள் கல்யாணப் பந்தியில், சம்பந்தக்காரர்கள் நடுவே எழுந்து, நான்தான் வெள்ளிக்கவசன் என்று முழங்கியவர் இவர். மாப்பிள்ளை வீட்டார் சிரித்த சிரிப்பில் பெண்ணின் தலை கவிழ்ந்தது. அன்றோடு பேச்சு முறிந்தது.

இந்தப் படம் இந்நேரம் வாட்ஸப்பில் புளியங்குடிக்குப் போயிருக்கும். போன் அடிப்பாள், கிடைக்காது. பதறியடித்து பஸ் ஏறுவாள்.

செத்தால் வருவாள். சாகாமலே வந்தால் லாபம்தானே.

“என்ன அண்ணாச்சி, ஒங்க கருமாதிக்கு நீங்களே டீ குடிக்கியளா?” என்றார் டீக்கடை பரீது.

“சீனி இல்லாமப் போடும். செத்தாலும் சுகரு விடமாட்டேங்கு.”

புளியங்குடி பஸ்கள் வந்தன, போயின. ஒவ்வொன்றிலும் இறங்கியவர்களை மகாதேவன் எக்கி எக்கிப் பார்த்தார். எவரோ ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு ஃபிளெக்ஸைக் கும்பிட்டார். முகமூடி இல்லாத அந்த முகத்தை ஒருவர் கும்பிடுவது இதுதான் முதல் தடவை. இவர் டீ கிளாஸால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

சாரல் விழத் தொடங்கிய நேரம், பலவேசம் ஏணியோடு வந்து ஃபிளெக்ஸில் சாய்த்தான். மகாதேவன் ரோட்டைக் கடந்து ஓடினார்.

“அதுக்குள்ள என்னலே அவசரம்?”

“புளியங்குடியில இருந்து போன் வந்துச்சு அண்ணாச்சி. ஃபிளெக்ஸுல அடியில நம்ம கடை நம்பரு போட்டிருக்குல்லா. ஒங்க மக பேசுனாவ.”

மகாதேவன் அவன் பக்கத்தில் நெருங்கி வந்தார்.

“அழுதாளா?”

பலவேசம் திரும்பாமல் ஏணியில் ஏறினான்.

“அழுகையெல்லாம் இல்ல. ‘அது எங்கப்பா படம். அவரு அதுல நடிக்கவே இல்ல. செத்தவரு படத்தைப் போடுங்க’ன்னாவ.”

“நான் உசுரோட இருக்கனான்னு ஏதும்...”

மேலே கயிற்று முடிச்சு மழையில் இறுகியிருந்தது. பலவேசம் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

“வழுக்குது அண்ணாச்சி. ஏணியைக் கொஞ்சம் புடிங்க.”

மகாதேவன் பிடித்துக்கொண்டார்.