கூரையைத் தொடக் கூடாது

"வெள்ளைக்காரங்க நாளைக்குக் காலையில வந்துருவாங்க. அதுக்குள்ள கடைசித் தகரமும் ஏறியாகணும், மாரிசாமி!"

தேயிலைத் தோட்டத்துப் பெரிய கிளாக்கர் புவனேந்திரன் இடுப்பில் கைவைத்து, தொழிலாளர் வீடுகள் வரிசையாய் ஒட்டிக்கிடந்த கீழ் லயத்து வாசலில் நின்று கத்தினார். கூரை மேல் இருந்த மாரிசாமி சுத்தியலை நிறுத்தினான். "நாலு மாசமா இல்லாத அவசரம் இன்னைக்கு எங்கேருந்துங்க ஐயா வந்துச்சு?" கீழே நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

அவன் கேட்டது நியாயம்தான். நாலு மாதத்துக்கு முன் அடித்த புயல், அந்த லயத்துக் கூரையைப் பிய்த்துக்கொண்டுபோய் மூன்றாம் நம்பர் மலைத் தேயிலைக்குப் போர்த்திவிட்டது. லயம் தோட்டத்துச் சொத்து. அதற்கு இன்சூரன்ஸ் எடுத்திருந்ததும் தோட்ட நிர்வாகம்தான். நட்டஈட்டுக்கு எழுதிப் போட்ட கையோடு கிளாக்கர் ஓர் உத்தரவும் போட்டார்: இன்சூரன்ஸ் ஆள் வந்து பார்க்கும்வரை ஒருவரும் கூரையைத் தொடக் கூடாது.

ஆள் வரவில்லை. மழை வந்தது. லயத்துச் சனம் முழுவதும் தார்ப்பாய்ப் படங்கைக் கட்டி அதற்கடியில் ஒண்டிக்கொண்டது.

அந்த லயத்துப் பாக்கியலெட்சுமி தோட்டத்து ஆபீசுக்கு நடையாய் நடந்தாள்.

"சின்னவளுக்கு நெஞ்சுல சளி கட்டிருச்சுங்க ஐயா. மூச்சு விடவே கஷ்டப்படுறா. பழைய தகரத்தையாவது பொறுக்கிப் போட்டுக்கிறோமே."

"தாராளமா போடு. இன்சூரன்ஸ்காரன் வந்து, கூரை நல்லாத்தானே இருக்குன்னு எழுதிட்டுப் போகட்டும். நட்டத்த நீயா கட்டப்போற?" கிளாக்கர் நாற்காலியில் சாய்ந்தார். "உம் மூத்தவ கொழும்புல பெரிய கம்பனியில இருக்காளாமே? ஆளுக்கொரு குடை வாங்கி அனுப்பச் சொல்லு."

அவள் படியிறங்கிப் போனாள்.

இந்த வாரத் தொடக்கத்தில்தான் கிளாக்கரின் செல்போனுக்கு அந்த அழைப்பு வந்தது. ஒரு பெண் நுனிநாக்கு ஆங்கிலத்தில் பொரிந்து தள்ளினாள். லண்டனில் தேயிலை வாங்குகிறவர்கள் தொழிலாளர் வீடுகளைப் பார்க்க வருகிறார்கள். ஒழுகுகிற வீடு ஒன்று கண்ணில் பட்டாலும் இந்தத் தோட்டத்துத் தேயிலை வேண்டாம் என்றுவிடுவார்கள். திடீர் சோதனை என்பதால் தலைமை அலுவலகத்துக்குக்கூடத் தெரியாதாம், யாரிடமும் விசாரிக்கவும் கூடாதாம். கிளாக்கர் எல்லாவற்றுக்கும் "யெஸ் மேடம்" சொன்னார்.

செய்தி தோட்டத்து மேனேஜரான பெரிய துரையின் காதுக்குப் போனது. ஸ்டோரிலிருந்து புதுத் தகரம் வந்தது. சுவருக்குச் சுண்ணாம்பு வந்தது. சாக்கடைக்குப் பிளீச்சிங் பவுடர் வந்தது. தோட்டத்தில் இவ்வளவும் இருந்தது அன்றைக்குத்தான் ஊருக்குத் தெரிந்தது.

சொன்ன நாள் விடிந்தது. கிளாக்கர் டை கட்டி, பூமாலையோடு நின்றார். வெள்ளைக்காரர் யாரும் வரவில்லை. மறுநாளும் மாலை வாடியதுதான் மிச்சம்.

அதற்கடுத்த நாள் பதுளையிலிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. இன்சூரன்ஸ் மதிப்பீட்டாளர் ஸரூக் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு அண்ணாந்து பார்த்தார். புதுத் தகரம் கண்ணைக் கூசவைத்தது.

"கிளாக்கர், ஒடஞ்ச லயத்தக் காட்டுங்களேன்."

"இதுதாங்க அது."

"இதுவா?" ஸரூக் ஒரு தரம் லயத்தைச் சுற்றி வந்தார். "எங்க ஊட்டுக் கூரையும் இப்படி ஒடையணும்னு நான் இன்னைக்கே துஆ கேக்குறேன்."

சேதம் எதுவும் இல்லை என்று எழுதிக்கொண்டு அவர் கிளம்பிவிட்டார். நட்டஈடு போன செய்தி கேட்டுப் பெரிய துரை பேசிய பேச்சில், கிளாக்கருக்கு டையை அவிழ்க்கவும் கை வரவில்லை.

சாயங்காலம் தலையைத் தொங்கப்போட்டு வீட்டுக்கு நடந்தவரை, பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. ஓடிப்போய்க் கீழ் லயத்து இஸ்தோப்புத் திண்ணையில் ஒதுங்கினார். தலைக்கு மேல் தகரம் தடதடத்தது; ஒரு சொட்டு ஒழுகவில்லை.

உள்ளே பாக்கியலெட்சுமி வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, செல்போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"தங்கச்சி நல்லாத் தூங்குறா, துஷாந்தினி. ஆமா, நாங்களும்தான்." கொஞ்சம் சிரித்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"கக்கூசு பார்க்க எப்ப வெள்ளைக்காரன அனுப்புற?"