பதினான்காம் எண் பாட்டில்

பதினான்காம் எண் பாட்டில் அன்றும் கலங்கியிருந்தது.

"நேத்து சாயங்காலம் தெளிஞ்சு கிடந்துச்சே! யாரு குலுக்கினது?" பேராசிரியர் இப்ராஹீம் மாணவர்களை முறைத்தார். மருந்தியல் அருங்காட்சியகத்தை இரவில் பூட்டித்தான் வைக்கிறார்கள்.

"செத்தவன் வந்து குலுக்குறான் லா," என்று தங்கராஜு கிசுகிசுத்தான். பக்கத்தில் நின்ற மாணவி பரீதாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒன்பது வருடங்களுக்கு முன், 1949இல், சிராங்கூன் ரோடு மருந்துக்கடை ஒன்றில் ஒரு துறைமுகத் தொழிலாளி டானிக் வாங்கினான். அதிலிருந்த எட்டிக்கொட்டைச் சத்து மெல்ல அடியில் படிந்தது. அவன் குலுக்காமலே குடித்துவந்தான். கடைசி வேளையில் விஷம் மொத்தமும் உள்ளே போனது. அது படிவதைக் காட்டத்தான் பேராசிரியர் அதே கலவையைச் செய்து வைத்திருந்தார்.

"'குலுக்கிக் குடிக்கவும்'னு ஒரு துண்டுச் சீட்டு. கம்பவுண்டர் மருதப்பன் ஒட்ட மறந்துட்டான். கோர்ட்டுல ஒத்துக்கிட்டான், ஜெயில்லயே செத்தும் போனான்."

அவர் அடுத்த அலமாரிக்கு நகர்ந்தார். "இங்க ஒரு லேபிளாவது உரிஞ்சிருக்கா, பாருங்க. நம்ம சந்திரமதி விடமாட்டாங்க."

அலமாரிகளைத் துடைக்கும் சந்திரமதி, பசைக் கிண்ணத்தோடு ஓரமாக நின்றாள். தலை நிமிரவில்லை.

மறுநாள் பரீதா ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்தாள். கதவு திறந்திருந்தது. சந்திரமதி அந்தப் பாட்டிலை இரு கைகளாலும் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தாள், காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்குக் கொடுக்கப் போகிறவளைப் போல.

"அக்கா... நீங்களா?"

"அடியில தங்கக் கூடாதும்மா."

"அந்தத் துறைமுகத்து ஆளு உங்க வீட்டுக்காரரா?"

"இல்ல. ஜெயில்ல செத்தாரே, அவரு."

ஒவ்வொரு வருடமும் இந்த அறையில் புதுப் பிள்ளைகளுக்கு முன்னால் அந்தப் பெயரைக் கேட்டுக்கொண்டு இவள் எப்படி நிற்கிறாள்?

"சார்கிட்ட பேசி, அவரு பேரச் சொல்ல வேணாம்னு சொல்றேன்க்கா. பாவம், ஒரு சீட்டு ஒட்ட மறந்துட்டாரு. அதுக்கு எத்தன வருஷம் பழி?"

"அவரு எதையும் மறக்கலம்மா."

சந்திரமதி பாட்டிலை அதனிடத்தில் வைத்தாள். விரல் நுனியில் காய்ந்திருந்த பசையைச் சுரண்டினாள்.

"அவரு மருந்து கலப்பாரு. சீட்டு ஒட்டுறது நான்."