வேலிமசால் கொல்லை

"மல்லாட்டை வெளையற மண்ணுல மாட்டுக்குத் தழை போட்டுக்கினு கீற. நாளைக்கு டிராக்டர் வருது, ஓட்டிடப் போறேன்" என்றாள் மாமியார் பாஞ்சாலி.

வேர்க்கடலை போடாமல், கறவை மாட்டுக்காக இளவரசி விதைத்த அரை ஏக்கர் வேலிமசால் தீவனம் அது.

"ஓட்டிக்குங்க அத்தை. ஆனா தினம் யாரோ ஓரமா அறுத்துக்கினு போறாங்க."

"பக்கத்துக் கொல்லைக்காரியாத்தான் இருக்கும். திருட்டுக் கை."

இளவரசி மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனாள். அவளுக்குள் கோபமும் இல்லை, பயமும் இல்லை.

காலையில் மயிலத்திலிருந்து டிராக்டர் வந்தபோது, கொல்லை ஓரத்திலிருந்த மாமியாரின் ஆட்டுக்கொட்டகையை அவள் கூட்டிக்கொண்டிருந்தாள். புழுக்கையோடு தழை உருவிய வேலிமசால் குச்சிகளும் வெளியே வந்து குவிந்தன.

"ஓட்டலாங்களா?" என்றார் டிராக்டர்காரர்.

பாஞ்சாலி குச்சிகளைப் பார்த்தாள். மருமகள் தலை நிமிராமல் கூட்டினாள்.

"இப்ப வாணாம்பா. என் ஆடுங்க சினையா கீது."